ஆயிரங்கால் மாளிகையும் என் வலது கையும்

1

டெல்லியிலிருந்து பந்தல் முத்துக்காளை எழுதுகிறேன். போன வருஷத் திருவிழா மலரில் நான் எழுதிய கட்டுரையை ஊரில் எல்லாரும் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள்கூடப் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். பட்டு வேட்டியில் நான் நிற்பேன். குதுப்மினார் எனக்குப் பின்னால் என் தோள் உயரத்துக்கு நிற்கும். அந்தக் கட்டுரையில் ஒரு சின்னப் பிழை நேர்ந்துவிட்டது. அதைத் திருத்தத்தான் இந்த வருஷமும் பேனாவை எடுத்திருக்கிறேன். மற்றபடி அது நல்ல கட்டுரை.

என்னைத் தெரியாத இளவட்டங்களுக்காக இரண்டு வரி. நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். நாலாவதை முடிக்கவில்லை என்று என் வீட்டுக்காரி பாண்டியம்மா இதை எழுதும்போதே தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்கிறாள். சரி, மூன்றரை. பத்தொன்பது வயதில், இந்தியில் 'பானி' என்ற ஒரே ஒரு சொல்லோடு டெல்லி ஸ்டேஷனில் இறங்கினேன். இந்தத் தை மாதத்தோடு நாற்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. முதலில் மூங்கில் சுமந்தேன். பிறகு மூங்கில் நட்டேன். பிறகு நடச் சொன்னேன். கிட்வாய் நகர், மோதி பாக், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்களில் இருந்த தமிழ் ஆபீசர்மார் வீட்டில் காதுகுத்திலிருந்து அறுபதாம் கல்யாணம் வரைக்கும் என் பந்தல்தான். இங்கே உள்ளவர்கள் நாலு இரும்புக் குழாயில் துணியை இழுத்துக் கட்டிவிட்டு 'டென்ட்' என்பார்கள். ஈசான மூலையில் முகூர்த்தக்கால் நட்டு, நவதானியம் போட்டு, மாவிலை கட்டிப் பந்தல் போடத் தெரிந்த ஆள் இந்தத் தலைநகரத்தில் நான் ஒருவன். இதுவரை நாலாயிரம் பந்தல் போட்டிருக்கிறேன். அதற்காக மோதி பாக் தமிழர்கள் விழா எடுத்து என் வலது கையில் ஒரு வெள்ளிக் காப்பு மாட்டினார்கள். அந்தக் காப்பு இந்தக் கதையில் பின்னால் வரும்.

இந்த ஊரில் ஒரு கால் நடுவது லேசில்லை. காலனிப் பூங்காவில் குழி தோண்ட ஒரு ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும். தோண்டிய குழியை மூடுவேன் என்று இன்னொரு ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஆபீசில், மூடிவிட்டேன் என்று தோண்டுவதற்கு முன்னாலேயே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். நான் தோண்டாமலே மூடிய குழிகள் இந்த டெல்லியில் எத்தனையோ.

இப்போது பிழைக்கு வருகிறேன். போன மலரில் நான் எழுதியது இது: 'அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன் உலகத்தைச் சுற்றிவந்த மொராக்கோ யாத்ரீகர் டெல்லியில் கால் வைத்த இடங்கள் அத்தனையும் எனக்கு அத்துப்படி. அவர் சுல்தானைக் கண்டு கும்பிட்ட ஆயிரங்கால் மாளிகையிலேயே பந்தல் போட்டவன் நான்.'

அந்த யாத்ரீகரைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு பொங்கல் விழாவில் யாரோ ஒரு பேராசிரியர் மேடையில் பேசியபோது நான் மேடைக்குப் பின்னால் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தேன். காதில் பாதி விழுந்தது. மீதியை நானே போட்டுக்கொண்டேன்.

2

எனக்கு ஒரே மகள். பூங்கொடி. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். குர்கானில் ஒரு கம்பெனியில் வேலை. என்னோடு தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் இந்திக்குப் போய்விடுவாள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் என் கட்டுரையை அவள் படித்ததில்லை. நான் எழுதிய மலரில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றியவள் அவள்.

அவளோடு வேலை பார்க்கும் அருள் என்கிற பையன் அவளைக் கட்டிக்கொள்ள விரும்பினான். நல்ல பையன். ராமநாதபுரத்துக்காரன். அப்பா இல்லை, அம்மா தங்கம் டீச்சர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பெண் வீடு எப்படி என்று விசாரிக்க டீச்சர் நம் ஊருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். என் சித்தப்பா மகன், நம்ம அண்ணன் பெருமை தெரியட்டும் என்று, வந்தவர் கையில் அந்த மலரைக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

நாலு நாள் கழித்து போன் வந்தது.

"ஐயா வணக்கம். ராம்நாட்லருந்து தங்கம் பேசுறேன். உங்க மலரைப் படிச்சேன்."

"சந்தோசம்ங்க டீச்சர். போட்டோ தெளிவா இருந்துச்சுங்களா?"

"போட்டோ கெடக்கட்டும். அந்த மொராக்கோ யாத்ரீகரைப் பத்தி முப்பது வருசத்துக்கு மேல பாடம் நடத்துனவ நான். அவரு நடந்த எடத்துல ஒரு எடத்தைக்கூடக் கண்ணால பாத்ததில்ல. நீங்க அங்கயே பந்தல் போட்டிருக்கீங்க. ஞாயித்துக்கெழம நான் டெல்லியில இருப்பேன். பொண்ணையும் பாத்த மாதிரி ஆச்சு, அந்த எடத்தையும் நீங்க காட்டுன மாதிரி ஆச்சு."

"அதுக்கென்னங்க, தாராளமா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பாண்டியம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"எதுக்கு இம்புட்டு வேர்க்குது? மாசியில?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பூங்கொடி வேலை விட்டு வந்ததும் அவளிடமும் சொல்லிவிட்டாள். பூங்கொடி நேராக இந்திக்குப் போனாள். திரும்பித் தமிழுக்கு வந்தபோதுதான் எனக்கு முழு விவரமும் புரிந்தது. அருளுக்கு ஒரு அக்கா உண்டு. அந்தப் பெண்ணை மேனேஜர் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் கட்டினான். மேனேஜரும் இல்லை, சொன்ன கம்பெனியும் இல்லை. ஒரு வருஷத்தில் அந்தப் பெண் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டது. அன்றையிலிருந்து டீச்சருக்கு ஒரே கொள்கை: அளக்கிற வீட்டில் சம்பந்தம் கிடையாது.

"அப்பா, அருள் அவங்க அம்மா பேச்சைத் தாண்ட மாட்டான். நானும் தாண்டச் சொல்ல மாட்டேன். அவங்க அக்காவப் பாத்திருக்கேன்" என்றாள் பூங்கொடி. கண் கலங்கியிருந்தது. "சண்டே ஒரு நாள். ஒரே ஒரு நாள். ஃபேங்க்கோ மத், ப்ளீஸ்." நாம் அளந்துவிடுவது என்று சொல்வதை இங்கே எறிவது என்பார்கள். எறியாதே என்கிறாள்.

"நான் எப்படா எறிஞ்சேன்?"

"கையால செஞ்சது, கண்ணால பாத்தது. இது ரெண்டும் இல்லாத எதுவும் உங்க வாய்ல வரக் கூடாது. வர்ற மாதிரி தெரிஞ்சா நான் இருமுவேன். உடனே நிறுத்திடணும்."

"நீ இருமலேன்னாலும் எனக்குத் தெரியும்."

அவள் அப்போதே இருமினாள்.

3

ஞாயிறு காலை டீச்சர் வந்து சேர்ந்தார். பருத்திச் சேலை, காலில் கான்வாஸ் ஷூ, கக்கத்தில் குடை, கையில் ஒரு நீளமான நோட்டு. அருளுக்கு அன்றைக்கு டூட்டி. பாண்டியம்மா சமையலுக்கு வீட்டில் நின்றுகொண்டாள். நாங்கள் மூன்று பேரும் டாக்சி பிடித்தோம். டீச்சர் அந்த யாத்ரீகர் பெயரை 'இப்னு பதூதா' என்று வெல்லம் கடிக்கிற மாதிரி சொல்வார். எனக்கு நாக்கில் ஏறவில்லை. மொராக்கோக்காரர் என்றே எழுதுகிறேன்.

முதலில் துக்ளகாபாத் கோட்டை. கல் மலை மாதிரி கிடந்தது.

"இந்தக் கோட்டைக்குள்ள பொன் பூசுன செங்கல்ல அரண்மனை இருந்துச்சு, வெயில் பட்டாக் கண்ணு கூசும்னு எழுதியிருக்காரு" என்றார் டீச்சர். "இந்த மதில் என்ன உசரம் இருக்கும்ங்கய்யா?"

நான் வாயைத் திறந்தேன். பூங்கொடி இருமினாள்.

"தெரியலைங்க டீச்சர்."

"எந்தப் பக்கமா அவரு உள்ள வந்திருப்பாரு?"

இருமல்.

"அதுவும் தெரியலைங்க."

நாற்பத்தைந்து வருஷத்தில் நான் சொல்லாத 'தெரியலை'யை அந்த ஒரு காலையில் சொல்லித் தீர்த்தேன். ஒவ்வொன்றும் விக்கல் மாதிரி வந்தது. குரங்கு ஒன்று மதில் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. அதற்குக்கூட ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும்.

அடுத்து குதுப்மினார். இதையாவது நான் வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன், போட்டோ எடுத்த அன்று. டீச்சர் குடையை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இதுக்குள்ள இருக்கிற வழி, யானை ஏறிப் போற அகலம்னு எழுதிவச்சிருக்காரு மனுசன்."

"யானையா?" என்றேன். எனக்கு மனசுக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. "யானை ஏறுமாங்க டீச்சர்?"

"ஏறாது. யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிட்டாரு."

"அப்ப அவரும்…" என்று ஆரம்பித்தேன். பூங்கொடி இருமிய இருமலில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

டீச்சர் பூங்கொடியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. புள்ளைக்கு நெஞ்சுல ஏதும் இருக்கா? காலைலருந்து இருமிக்கிட்டே இருக்கு. உங்களையும் பாக்குறேன். மலர்ல அம்புட்டு எழுதுனவரு, வாயே தெறக்க மாட்டேங்குறீங்க. உங்களுக்கும் ஒடம்பு சொகமில்லையா? வீட்டோட ஏதாவது தொத்தா?"

பொய் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். பொய் சொல்லாமல் இருந்தால் பெண்ணுக்குக் காசநோய் வந்துவிடும்.

"டெல்லிக் காத்துங்க. வேற ஒண்ணுமில்ல" என்றேன். இது பொய்யில்லை. பூங்கொடியும் இருமவில்லை. டீச்சர் பையைத் திறந்து ஒரு துண்டு பனங்கற்கண்டை அவள் வாயில் போட்டுவிட்டார்.

டாக்சியில் டீச்சர் மொராக்கோக்காரர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவரும் வேலை தேடித்தான் டெல்லிக்கு வந்தவராம். சுல்தான் நீதிபதி வேலை கொடுத்திருக்கிறார். எனக்கு இந்த ஊர்ப் பாஷை வராதே என்றிருக்கிறார் இவர். ரெண்டு உதவியாளர் தருகிறேன், நீ மேலே இருந்து பார்த்துக்கொள் என்றாராம் சுல்தான். பாஷை தெரியாமலே கவர்ன்மென்ட் வேலை! பிறகு சுல்தான் கொடுத்த இனாம் உத்தரவு கைக்கு வருவதற்குள் ஒவ்வொரு அதிகாரி கையெழுத்துக்காகவும் மாதக்கணக்கில் நடந்திருக்கிறார். இதைக் கேட்டபோது அந்த மனுஷரை எனக்கு நேரில் தெரிந்த மாதிரியே இருந்தது. அவர் மட்டும் உயிரோடு இருந்தால், எந்த ஆபீசில் எந்த ஜன்னல் என்று நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

4

மூன்றாவதாகப் போனதுதான் அந்த இடம். பேகம்பூர்ச் சந்துகளுக்குள் நுழைந்தால் ஒரு மேடு வரும். மேட்டின் மேல் இடிந்த கல் கட்டடம். பிஜய் மண்டல் என்பார்கள். அதுதான் ஆயிரங்கால் மாளிகை இருந்த இடம் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டீச்சர். டிக்கெட் கிடையாது. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் வெயில் காய்ந்துகொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் மேலே ஏறி நாலு திசையும் பார்த்தார். ஒரு தூண்கூட இல்லை. அவர் முகம் வாடிப்போனது.

"மரத்தூண். எல்லாம் வர்ணம் பூசுன மரத்தூண். மேல கூரையும் மரம். அதுக்கு அடியில சுல்தான் உக்காந்திருப்பாரு. மரமெல்லாம் போயிருச்சு. குழி மட்டும் மிச்சம்."

குழி என்றதும் எனக்குக் கால் நிற்கவில்லை. தரையில் பதித்த கல்லில் ஒரு குழி இருந்தது. மரத்தூண், மரக்கூரை, அடியில் பெரிய மனுஷன் உட்கார இடம். இதை என்ன பெரிய மாளிகை என்கிறார்கள்? இது பந்தல். டெல்லி ராஜா போட்டாலும் பந்தல் பந்தல்தான். எங்கள் தொழிலில் குழி ஆழம் தெரிந்தால் கால் உயரம் தெரிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு தரைக்குள் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்கு நிற்காது. நான் யோசிக்கவே இல்லை. குப்புறப் படுத்து, குழிக்குள் கையை விட்டேன். உள்ளே கல் ஒருபக்கம் பிளந்திருந்தது. கை இன்னும் போனது. அடி தட்டுப்பட்டது. எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. காப்பு எங்கேயோ மாட்டிக்கொண்டது.

காவல்காரர் விசில் கேட்டது. நாலு கார்டுகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அரே அங்கிள்! ஹாத் நிகாலோ!"

கையை எடுக்கச் சொல்கிறார். எடுக்க முடிந்தால் நான் ஏன் சுல்தான் வீட்டுத் தரையில் குப்புறக் கிடக்கிறேன்?

வேர்க்கடலைக்காரர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. இடது பக்கம் திருப்பு என்றார் ஒருவர். மூச்சை இழு என்றார் ஒருவர். பூங்கொடி என் பக்கத்தில் மண்டியிட்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் மட்டும் அசரவில்லை. நிதானமாகப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, குடையை விரித்து, என் தலைக்கு வெயில் படாமல் பிடித்தார்.

"வசதியா இருக்கீங்களா?"

"இருக்கேன்ங்க டீச்சர்."

"நல்லது. இப்ப எங்கயும் போக மாட்டீங்க. கேக்குறேன், சொல்லுங்க. இதுல எந்த மூலையில பந்தல் போட்டீங்க?"

பூங்கொடி இருமினாள்.

"நீ சும்மா இரு தாயி. உனக்குச் சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் எத்தனை ஆயிரம் புள்ளைகளப் பாத்தவ? முன் பெஞ்சுல இருமுனா பின் பெஞ்சுல எவளோ முழிக்கிறானு அர்த்தம். ஐயா பேசட்டும்."

எனக்குக் கை வலித்தது. தரை குளிர்ந்தது. முகத்துக்கு நேரே அவருடைய கான்வாஸ் ஷூ. அந்த நிலையில் மனுஷனுக்கு அளக்க வராது.

"இங்க போடலைங்க" என்றேன். "கீழ அந்தச் சந்துல, ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர் வீட்டு வளைகாப்பு. பத்துக்குப் பத்துல சின்னப் பந்தல். திடீர்னு காத்து. பந்தல் சாயப் பாத்துச்சு. இழுத்துக் கட்ட எடமில்ல. இந்த மேட்டுச் சுவத்துல ஒரு கல்லு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு கயித்த அதுல கட்டுனேன். அம்புட்டுத்தான். அப்ப இது மாளிகைன்னே எனக்குத் தெரியாது. இடிஞ்ச தண்ணித் தொட்டின்னு நெனச்சேன். அந்த வீட்டுக்காரர்தான் பெறகு சொன்னாரு. மேல இன்னைக்குத்தான் ஏறுறேன்."

கார்டு, அங்கிள் என்ன சொல்கிறார் என்று பூங்கொடியிடம் கேட்டார். அவள் பதற்றத்தில் அப்படியே இந்தியில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், கார்டு நிமிர்ந்துவிட்டார். பழைய கட்டடத்தில் கயிறு கட்டுவது குற்றம், பெயர் விலாசம் எழுத வேண்டும் என்று ரிஜிஸ்டரை எடுத்தார். பாருங்கள் நியாயத்தை. ஒரு வருஷமாகப் பொய்யை அச்சடித்து வைத்திருந்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் உண்மை பேசினேன், கேஸ்.

டீச்சர் எழுந்தார். அவருக்கு ஒரு சொல் இந்தி தெரியாது.

"ஏம்ப்பா, நேரா நில்லு. மேல் பொத்தானப் போடு. வயசானவரு கை மாட்டிக் கெடக்கு, நீ என்ன நோட்டப் பிரிக்கிற? மொதல்ல அவர எழுப்பு. பெறகு எழுதலாம்."

தமிழில்தான் சொன்னார். கார்டு நேராக நின்றார். பொத்தானைப் போட்டார். ரிஜிஸ்டரை மூடினார். முப்பது வருஷச் சர்வீசு எந்தப் பாஷையிலும் புரியும் போலிருக்கிறது.

டீச்சர் முட்டிவலித் தைலத்தைப் பையிலிருந்து எடுத்துக் குழிக்குள் ஊற்றினார். கார்டு என் தோளைப் பிடிக்க, பூங்கொடி கார்டைப் பிடிக்க, கை வந்துவிட்டது. காப்பு வரவில்லை. உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு சரி. இன்னும் ஐந்நூறு வருஷம் கழித்து யாராவது அதை எடுத்து, சுல்தான் கைக் காப்பு என்று கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். வைக்கட்டும்.

நான் கையைத் தேய்த்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டு நின்றேன். முடிந்தது, மகள் கல்யாணம் இந்தக் குழிக்குள் போய்விட்டது என்றே நினைத்தேன். பூங்கொடி வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

"ஆழம் எம்புட்டு?" என்று டீச்சர் கேட்டார்.

"என்னங்க?"

"கைய விட்டீங்கள்ல. எம்புட்டு ஆழம்?"

"முழங்கைக்கு மேல நாலு விரல்."

"அப்ப கால் எம்புட்டு உசரம் இருந்திருக்கும்?"

சொன்னேன். எந்த மரம் தாங்கும், எவ்வளவு இடைவெளி விட்டிருப்பார்கள், கூரைக்கு எப்படிச் சட்டம் கோத்திருப்பார்கள், எல்லாம் சொன்னேன். மேட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காலடி வைத்து நடந்தேன். வேர்க்கடலைக்காரர்களும் என் பின்னால் நடந்தார்கள். பூங்கொடி இருமவே இல்லை. ஒருவேளை மறந்திருப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த எடத்துல ஆயிரம் கால் நிக்காதுங்க டீச்சர்" என்று முடித்தேன். "நின்னா, ராஜா உள்ள வர ஒருக்களிச்சுத்தான் வரணும்."

"பெறகு ஏன் ஆயிரங்கால்ங்கறாங்க?"

"எங்க தொழில்ல நூறத் தாண்டிட்டா ஆயிரம்தான். எவனும் எண்ண மாட்டான். அந்தப் பந்தல்காரனும் ராஜாகிட்ட அப்படித்தான் சொல்லியிருப்பான். ராஜா மொராக்கோக்காரர்கிட்டச் சொல்லியிருப்பாரு. அவரு எழுதிட்டாரு."

டீச்சர் நோட்டை விரித்து ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'பந்தல்காரர் கணக்கு' என்று தலைப்புப் போட்டு, அடியில் கோடு இழுத்திருந்தார்.

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "யானை ஏறுச்சுன்னு எழுதுனவரையே நீங்க இம்புட்டு வருசமாப் பாராட்டியிருக்கீங்க" என்று இழுத்தேன்.

"அவரு எழுத்து பிடிக்கும். அதுக்காக அவரு வீட்ல சம்பந்தம் வைப்பேன்னு யாரு சொன்னா? போன ஊர்லயெல்லாம் கல்யாணம் பண்ணுன ஆளு அவரு" என்றார் டீச்சர்.

5

வீட்டுக்கு வந்தோம். பாண்டியம்மா இலை போட்டாள். டீச்சர் நேராகப் பூங்கொடியிடம் கேட்டார்: "அப்பா அளப்பாருன்னு உனக்குத் தெரியும். ஏன் மூடி மறைக்கப் பாத்த?"

"மறைக்கல ஆன்ட்டி. நிறுத்தப் பாத்தேன்" என்றாள் பூங்கொடி. "அவர் பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது. ஆனா இன்னைக்கு அவர் ஒண்ணும் சொல்லாம இருந்தாரில்ல, அது அதைவிட மோசமா இருந்துச்சு."

டீச்சர் சாதத்தைப் பிசைந்தார். பாண்டியம்மா ரசம் ஊற்றினாள். டீச்சர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இந்தப் புளி எந்த ஊரு?" என்றார்.

"நம்ம ஊருப் புளிங்க. வருசா வருசம் வந்துரும்."

"அந்த மனுசன் டெல்லிய விட்டுப் போயி, கப்பல் முங்கி, எங்கெங்கயோ அலைஞ்சு, கடைசியில நம்ம மதுரைக்கு வந்தாரு. வந்த எடத்துல காய்ச்சல். செத்துருவோம்னு நெனச்சாராம். புளியக் கரைச்சுக் குடிச்சுப் பொழைச்சேன்னு எழுதியிருக்காரு."

"அது அளப்பா டீச்சர், நெசமா?" என்று கேட்டேன்.

"புளி நெசமாத்தான் இருக்கும்" என்றார் டீச்சர். இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டார். "அளக்கிறவங்ககிட்டயும் ஒரு நெசம் இருக்கும் போல. என் மூத்த மாப்ளைகிட்ட அது ஒண்ணுகூட இல்ல. உங்ககிட்ட ஒரு கயிறு இருக்கு."

இலையை மடித்துவிட்டு எழுந்தவர், கை கழுவும் இடத்தில் நின்று சொன்னார்: "மலர்ல போட்டத மலர்லயே திருத்தணும். உங்க கையாலயே எழுதணும். எழுதுனத அச்சுக்கு அனுப்பும்முன்ன புள்ள வாசிச்சுப் பாக்கணும். அதுக்கப்புறம் நாள் பாக்கிறதப் பத்திப் பேசலாம்."

6

அதனால்தான் இந்தக் கட்டுரை.

எழுதி முடித்ததும் பூங்கொடி மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். இரண்டு ராத்திரியும் ஒரு லீவு நாளும் ஆனது. 'ஈசான மூலை'யில் அரை மணி நேரம் நின்றாள். ஒரு பொய்யையும் விட்டுவிடக் கூடாது என்ற வைராக்கியம். நாற்பத்தைந்து வருஷமாக இந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் மகள் கவனமாகப் படித்தது இதுதான் முதல் தடவை. படிக்கப் படிக்கப் பென்சிலால் வட்டம் போட்டாள். அவள் போட்ட வட்டங்களைக் கீழே திருத்தியிருக்கிறேன். மேலே எழுதியதை அழிக்கவில்லை. அழித்தால் நான் அளந்தது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும், அதுவும் ஒரு பொய் என்கிறாள்.

நாலு கார்டுகள் என்னைச் சூழ்ந்ததாக எழுதினேன். ஒருவர்தான் வந்தார். ஒருவரே சுற்றிச் சுற்றி வந்ததால் எனக்கு நாலாகத் தெரிந்தது.

வெள்ளிக் காப்பை மோதி பாக் தமிழர்கள் விழா எடுத்து மாட்டியதாக எழுதினேன். நானே கடையில் வாங்கி மாட்டிக்கொண்டேன். வெள்ளியும் அல்ல.

நாலாயிரம் பந்தல் என்று எழுதியது பந்தல்காரர் கணக்கு. எத்தனை என்று எனக்கே தெரியாது. நூறைத் தாண்டியிருக்கும், இது சத்தியம்.

போட்டோவில் குதுப்மினார் என் தோள் உயரத்துக்கு நிற்பது, போட்டோக்காரர் தரையில் படுத்து எடுத்ததால்.

அந்த மேட்டுச் சுவரில் ஒரு கயிறு கட்டினேன். இது உண்மை. இதற்குப் பூங்கொடி வட்டம் போடவில்லை.

இத்தனையும் சேர்த்து அவள் டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நானும் பாண்டியம்மாவும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கிடந்தோம். பூங்கொடி மட்டும் கவலையில்லாத மாதிரி நடித்தாள். ஆனால் டீயில் உப்புப் போட்டாள். நாலாம் நாள் காலை, நான் கோடௌனில் மூங்கில் எண்ணிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

"அண்ணே, தங்கம் பேசுறேன்."

அதுவரைக்கும் அவருக்கு நான் ஐயா.

"சொல்லுங்க தங்கச்சி" என்றேன். எண்ணிக்கொண்டிருந்த மூங்கில் கணக்கு விட்டுப்போனது.

"வைகாசியில ஒரு நாள் நல்லா இருக்கு. பந்தல் நீங்கதான் போடணும்."

"தங்கச்சி, ஆயிரங்கால் பந்தல் போட்டுருவோம்!"

போனில் ஒரு இருமல் கேட்டது. என் மகள் அவருக்கும் பழக்கிவிட்டாள் போலிருக்கிறது.

"நாப்பது கால்" என்றேன்.

"சரி. முகூர்த்தக்கால் நடுறதுக்கு மொத நாளே வந்துருவேன். எண்ணணும்."